பஸ் போய்விட்டது என்று சொல்ல ஒரு பிரெஞ்சு வார்த்தை

கண்ணுகளா,

போன மாதம் உங்கள் அத்தை மாடிப்படியில் விழுந்தபோது, "ஒண்ணுமில்லீங்கப்பா, லேசா வழுக்கிட்டாங்க, நீங்க மெதுவா வாங்க" என்று போனில் சொன்னீர்கள். நான் மெதுவாகத்தான் வந்தேன். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. இடுப்பெலும்பு முறிந்த அத்தையை அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு நடுரோட்டில் நான் உங்களைப் பார்த்துக் கத்திய கத்தலில் அக்கம்பக்கமெல்லாம் எட்டிப் பார்த்தது. "அப்பா பயந்துக்குவீங்கன்னுதானே சொன்னோம், இதுக்கா இப்படி?" என்று பெரியவள் அழுதாள். சின்னவன் என் முகத்தையே பார்க்கவில்லை.

காரணம் இருக்கிறது. வாயால் சொன்னால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். பொறுத்துப் படியுங்கள்.

நான் மேட்டுப்பாளையம் ரூட்டில் கண்டக்டராக இருந்ததை விட்டுவிட்டு, பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் லாட்ஜில் மேனேஜராகச் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். அங்கே வருகிறவர்கள் யாரும் ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் இல்லை. பெட்டியோடு ஒரு பெரிய கவரில் ஸ்கேன் படங்களும் வரும். கேரளாவிலிருந்து வருவார்கள், வங்காளத்திலிருந்து வருவார்கள். சில வருடமாக ஆப்பிரிக்காவிலிருந்தும் வருகிறார்கள்.

அப்படித்தான் செனகல் என்ற நாட்டிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். புருஷனுக்கு என் வயசுதான் இருக்கும். நல்ல உயரம். கல்லீரலில் கட்டி. எங்களுக்குள் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. முதல் நாள் ரிசப்ஷனில் என் பழைய கண்டக்டர் விசில் சாவிக்கொத்தில் தொங்குவதைப் பார்த்துவிட்டு, அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பி, கியரை மாற்றி, வாயால் ஏர் பிரேக் சத்தம் விட்டுக் காட்டினார். பஸ் டிரைவர்! நான் விசிலை எடுத்து ஊதினேன். மனுஷன் உடனே கியரைப் போட்டு வண்டியை எடுத்தார். அவர் பெண்சாதி தலையில் கட்டியிருந்த மஞ்சள் துணியைச் சரிசெய்துகொண்டே, இரண்டு கிறுக்கர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்பதுபோல் எங்களைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் அரபிக்கு ஆள் உண்டு, பெங்காலிக்கு ஆள் உண்டு. பிரெஞ்சுக்கு இல்லை. எங்கள் முதலாளி விசாரித்து ஒரு பெண்ணை வரவழைத்தார். தாராபுரம் பக்கத்துப் பெண், இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சர். மிச்ச நேரத்தில் பம்பு கம்பெனிகளுக்கு இங்கிலீஷ் கேட்லாக்கைப் பிரெஞ்சில் மாற்றிக் கொடுப்பது அவர் வேலை. நம் ஊர் பம்புகள் அந்தப் பக்கத்து நாடுகளுக்கெல்லாம் போகிறதே, அதற்கு.

"எனக்கு மார்க்குக்காகப் படிச்ச பிரெஞ்சுங்ணா" என்று முதல் நாளே சிரித்தார். "ப்ளஸ் டூல தமிழ் எடுத்தா மார்க்கு போயிரும்னு எங்கப்பா பிரெஞ்சுல சேத்திவுட்டாரு. இத்தன நாளா மோட்டாருக்குத்தான் பேசிட்டிருந்தேன். மோட்டாரு திருப்பிக் கேள்வி கேக்காது பாருங்க."

"இவரு டிரைவருங்க அம்மணி. மோட்டார் பாஷை நல்லாவே புரியும்" என்றேன்.

டாக்டர் ஈரோட்டுக்காரர். வயசுப் பிள்ளைக்கும் 'வாங்க, உக்காருங்க' என்பவர். நோயாளிக்குத் தமிழ் தெரியாவிட்டால் இங்கிலீஷில் பேசுவார். அந்த இங்கிலீஷிலும் நம் பக்கத்து 'ங்க' கேட்கும். முதல் நாள் அவர் அறையில் நானும் இருந்தேன். வழி காட்டப் போனவனை, டீச்சர் பயத்தில் கூடவே உட்கார வைத்துக்கொண்டார். டாக்டர் சொன்னதை டீச்சர் பிரெஞ்சில் சொன்னார். பெண்சாதி அதைத் தங்கள் ஊர் பாஷையில் புருஷனிடம் சொன்னார். அவர் பதில் அதே வழியில் திரும்பி, கடைசியில் டீச்சர் வாயால் தமிழில் வந்தது.

அந்தப் பதிலை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஊர்ல மூணு புள்ளைங்க இருக்காங்களாம். கடைசிப் புள்ள பள்ளிக்கூடம் போகுதாம். வைத்தியம் பலிச்சா நல்லதுங்கறாரு. பலிக்காதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே சொல்லிரோணுமாம். புள்ளைங்க மொகத்தப் பாக்காம இங்க கெடந்து போயிரக் கூடாதுங்கறாரு. இத மட்டும் சத்தியமாக் கேக்கறாராம்."

டாக்டர் எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டார். "ஷ்யூர், ஷ்யூர். கண்டிப்பா சொல்றோம்" என்றார். டீச்சர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

இரண்டு மாதம் ஓடியது. காய்கறி வாங்கவும் ஆட்டோ பேசவும் டிரைவரின் பெண்சாதி, அந்த அம்மா, போனை வைத்துக்கொண்டார். அதில் பிரெஞ்சில் பேசினால் போன் தமிழில் பேசும். உக்கடம் மார்க்கெட்டில் மீன்காரரிடம் போன், "இந்த மீன் புதியதா?" என்று செய்தி வாசிப்பதுபோல் கேட்க, கடையே சிரித்ததாம். லாட்ஜ் சமையல்கட்டில் மீனும் சோறும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் சமைப்பார். எனக்கும் ஒரு கிண்ணம் வரும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு மட்டும் போனை நம்ப மாட்டார். அங்கே டீச்சர்தான் வேண்டும்.

அதற்குள் டிரைவரின் கண் மஞ்சளாக ஆரம்பித்திருந்தது. வயிறு உப்பியது, கைகால் சூம்பியது. லாட்ஜ் படிக்கட்டில் ஏறும்போது நடுவில் நின்று, சுவரில் மாட்டியிருக்கும் ஊட்டி படத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். அந்தப் படத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை.

டாக்டரிடமும் ஒரு மாற்றம் வந்தது. முன்பெல்லாம் ரிப்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பேசுவார். இப்போது கவரைப் பிரிப்பதில்லை. "சாப்பாடு எல்லாம் ஒத்துக்குதுங்களா? குழந்தைங்க கூடப் பேசினீங்களா?" என்று விசாரித்தார். நர்சு தானாக நாற்காலி இழுத்துப் போட்டார். நம் ஊர்க்காரர் யாராவது அங்கே இருந்திருந்தால் அந்த நாற்காலியைப் பார்த்ததுமே விஷயம் புரிந்திருக்கும். அந்த அம்மாவுக்கு அது சந்தோஷமாக இருந்தது. இந்த ஊர் டாக்டர்கள் எவ்வளவு அன்பானவர்கள் என்று டீச்சரிடம் சொன்னாராம்.

ஒருநாள் டாக்டர், டிரைவர் கையைப் பிடித்துக்கொண்டு, வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி விட்டுச் சொன்னார். "ஹி ஈஸ் ஸ்டேபிள். வீ வில் ட்ரை அவர் பெஸ்ட். லெட் அஸ் ஹோப். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னாலும் போகலாம், நோ ப்ராப்ளம்."

எனக்கு விளங்கிவிட்டது. நம் பக்கத்தில் டாக்டர் இப்படிச் சொன்னால், வெளியே வந்ததும் வீட்டில் மூத்தவர் ஒருத்தர் தனியே போய்ப் போன் பண்ணுவார். ஊரில் பந்தலுக்குச் சொல்வதா வேண்டாமா என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். யாரும் யாரையும் 'என்ன சொன்னார்' என்று கேட்க மாட்டார்கள்.

டீச்சர் அதை வார்த்தைக்கு வார்த்தை பிரெஞ்சில் சொன்னார். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் சேர்க்கவில்லை என்று பிறகு அவரே சொன்னார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. நிலைமை ஸ்திரமாக இருக்கிறது. டாக்டர்கள் முழுமூச்சாக முயற்சி செய்யப் போகிறார்கள். நம்பிக்கை இருக்கிறது. வீட்டுக்கே போகலாம் என்கிற அளவுக்குத் தேறிவிட்டார். அப்படியானால் பாதியில் விட்டுப் போவானேன்? அங்கேயே கை கூப்பி டாக்டருக்கு நன்றி சொன்னார். அன்றைக்கு மத்தியானமே ஊருக்குப் போட்டிருந்த விமான டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டார். பிள்ளைகளுக்குப் போன் பண்ணி, அப்பாவுக்குத் தேவலை என்று சொன்னார். புருஷன் கட்டிலில் படுத்தபடி போனைப் பார்த்துக் கையசைத்தார்.

நான் டீச்சரைப் பக்கத்து பேக்கரிக்குக் கூட்டிப்போய் டீ சொன்னேன்.

"ஏனுங்க அம்மணி, டாக்டர் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுதுங்ணா."

"அவங்களுக்கு?"

டீச்சர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஹோப்புன்னு இங்கிலீஷ்ல ஒண்ணே ஒண்ணுதானுங்ணா. பிரெஞ்சுல ரெண்டு இருக்குது" என்றார். "எஸ்ப்வார்னு ஒண்ணு. எஸ்பெரான்ஸ்னு ஒண்ணு. எங்க சாரு எப்படிச் சொல்லிக் குடுத்தாருன்னா, மொதல்து பஸ்ஸு வரும்னு ஸ்டாப்புல நிக்கறது. ரெண்டாவது, சாமி வரும்னு கோயில்ல நிக்கறது. டாக்டர் எதச் சொன்னாருன்னு அந்த நிமிசத்துல தெரியலீங்ணா. நம்புவோம்னு பொதுவாச் சொல்லிப்போட்டேன். அவங்க பஸ்ஸுக்கு நிக்கறாங்க."

"டாக்டர் ரெண்டையும் சொல்லலீங்க அம்மணி. பஸ் போயிருச்சுன்னு சொன்னாரு."

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "அதுக்கு எனக்குப் பிரெஞ்சுல வார்த்தை தெரியாமயா இருக்குது? நல்லாவே தெரியும். ஆனா டாக்டர் அத வாயால சொல்லலியே. அவரு சொல்லாதத நான் எப்படிங்ணா சொல்றது? ஒருவேள பொழைச்சுக்கிட்டாருன்னா? அந்தப் பாவம் யாருக்கு?"

மறுநாள் நாங்கள் இருவரும் டாக்டரைத் தனியாகப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தான் சொல்லிட்டேனேங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னேன். அதுக்கு மேல அந்தம்மா மொகத்தப் பாத்து எப்படிங்க சொல்றது? நீங்க பக்கத்துலயே இருக்கறவங்க, பக்குவமா எடுத்துச் சொல்லுங்க" என்று டீச்சரைப் பார்த்தார். டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்கோ பிரெஞ்சில் 'போன்ஜூர்' தவிர ஒன்றும் தெரியாது.

டீச்சர் பக்குவமான வார்த்தை தேட ஆரம்பித்தார். கடுமை என்று சொல்லலாமா, கவலைக்கிடம் என்று சொல்லலாமா, இதற்கு அது கனம் கூட, அதற்கு இது கனம் குறைவு என்று என்னிடம் போனில் புலம்புவார். தேடிக்கொண்டிருந்த அந்த வாரங்களில் அவர் லாட்ஜ் பக்கம் வரவில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்துவதாகச் சொன்னார். நான் நம்பவில்லை. என்றாலும் கேட்கவில்லை. மேலே அந்த அறையில் ஒவ்வொரு நாளும் டிரைவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிலோடு ஒட்டிக்கொண்டிருந்தார். மீன் சோற்றின் வாசம் நின்றுபோனது. அறையைக் கூட்டுகிற அக்கா கீழே வந்து ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டுவார்.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். அந்த அம்மா படியிறங்கி ரிசப்ஷனுக்கு வந்தார். தலையில் துணி கட்டவில்லை. அதுவே எனக்குப் பகீர் என்றது. போனை எடுத்து மெதுவாக ஏதோ பேசினார். அதை மேஜைமேல் என் பக்கம் திருப்பி வைத்தார்.

போன் சொன்னது: "என் கணவர் இறந்துவிடுவாரா?"

ஒரு பெண் குரல். வழி காட்டும்போது 'இடதுபுறம் திரும்பவும்' என்று சொல்லுமே, அதே குரல். அதில் தயக்கம் இல்லை, இரக்கமும் இல்லை. என்னைச் சுற்றி இத்தனை நாள் யாரும் உச்சரிக்காத வார்த்தையை அது மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தது. அந்த அம்மா ஒரு பொத்தானை அழுத்திப் போனை என் வாய்ப் பக்கம் நீட்டினார்.

நான் சொன்னேன். "அதுங்க வந்துங்க… அவருக்குக் கொஞ்சம் முடியாமத்தானுங்க இருக்குதுங்… நாம என்னத்தக் கண்டமுங்க…"

போன் யோசித்தது. மீண்டும் முயற்சிக்கவும் என்று சொன்னது.

மறுபடி சொன்னேன். கொஞ்சம் மாற்றி. அதற்கும் அதே பதில். நம் பேச்சு அதற்கு எட்டவில்லை. அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

அப்போது எனக்கு ஒன்று தெரிந்தது. இந்த எந்திரத்துக்குப் புரிய வேண்டுமென்றால் புத்தகத்தில் இருக்கிற தமிழில் பேச வேண்டும். 'ங்க' போடக் கூடாது. இழுக்கக் கூடாது. பிறந்ததிலிருந்து 'ங்க' இல்லாமல் ஒரு பெண்ணிடம் பேசியதில்லை நான். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் ஒப்பிப்பதுபோல் எழுந்து நின்றேன்.

"ஆமாம். உங்கள் கணவர் பிழைக்க மாட்டார். உடனே உங்கள் நாட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்."

போன் அதை உடனே எடுத்துக்கொண்டு பிரெஞ்சில் சொன்னது. எவ்வளவு சின்னதாக இருந்தது தெரியுமா? ஒரு மூச்சுக்கூட இல்லை. இத்தனை நாள் டீச்சர் தேடித் தேடிக் கிடைக்காமல் போனது அவ்வளவுதான்.

அந்த அம்மா அழவில்லை. போனை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார். என் கையை ஒருதரம் அழுத்திப் பிடித்தார். மேலே போனார். கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் பாஷையில் அவர் குரல் கேட்டது. புருஷனிடம் சொல்கிறார்.

மத்தியானம் டீச்சரைக் கூப்பிட்டேன். ஓடி வந்தார். டாக்டர் அறைக்கு எல்லாரும் போனோம். அந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இப்போது விமானத்தில் ஏற்றலாமா? டாக்டர் தமிழிலேயே சொன்னார். "போன மாசம்னா உக்காந்துட்டே போயிருப்பாருங்க. இப்பப் படுக்க வெச்சுத்தான் கொண்டுபோகோணும். ஆக்சிஜன் வேணும். வழியில என்ன வேணாலும் ஆகலாம்."

டீச்சர் இந்தத் தடவை வார்த்தை தேடவில்லை. விமானத்திலேயே அவர் இறந்துபோகலாம் என்று நேராகவே பிரெஞ்சில் சொல்லிவிட்டதாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

அந்த அம்மா ஏதோ கேட்டார். டீச்சர் எங்கள் பக்கம் திரும்பினார். "போன மாசம் ஏன் சொல்லலைன்னு கேக்கறாங்க" என்றார்.

"நான் சொன்னேனுங்களே" என்றார் டாக்டர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் குரல் கேட்க முடியாதபடி இருந்தது. அதை டீச்சர் மொழிபெயர்க்கவில்லை. அந்த அம்மாவும் அதற்குமேல் காத்திருக்கவில்லை. போகிறோம், உயிர் போவதானாலும் பிள்ளைகள் இருக்கிற திசையில் போகட்டும் என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் தானே நின்று எல்லா ஏற்பாட்டையும் செய்தார். அதையும் சொல்ல வேண்டும், அவர் கெட்ட மனுஷன் இல்லை. அவர்கள் முஸ்லிம்கள் என்று கேள்விப்பட்டு, கோட்டைமேட்டிலிருந்து துணிக்கடைக்காரர் ஒருவர் வந்து, நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குர்ஆன் ஓதிவிட்டுப் போனார். ஆம்புலன்ஸ் விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது நான் டிரைவர் கையைத் தொட்டேன். வெயிலிலும் சில்லென்று இருந்தது. அவர் கண் திறந்திருந்தது. என்னைத் தெரிந்ததா என்று தெரியவில்லை. எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அதற்கும் அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

நடுவில் ஒரு ஊரில் விமானம் மாற வேண்டும். அவர்கள் போய் மூன்று நாளாகியும் தகவல் இல்லை. நான் போனைப் பார்ப்பதும் கவிழ்த்து வைப்பதுமாக இருந்தேன். நீங்கள்கூட, "அப்பா ஏன் சோறு எறங்காம உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டீர்கள். வெயில் என்று சொல்லிவைத்தேன். பார்த்தீர்களா, நானும்தான்.

பிறகு அந்த அம்மாவின் குரலில் ஒரு வாட்ஸப் வந்தது. பிரெஞ்சு. அதை அந்தப் போன் குரலில் கேட்க எனக்கு மனசு வரவில்லை. டீச்சருக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்.

"ஏனுங்ணா, சொல்லட்டுங்களா?"

"நேரா சொல்லிப்போடுங்க அம்மணி."

"விமானம் மாறுற ஊர்லயே முடிஞ்சுருச்சுங்ணா. ஏர்போர்ட்டுல காத்துட்டிருக்கறப்ப. பொட்டியிலதான் ஊருக்குப் போயிருக்காரு. புள்ளைங்க மூணும் வாசல்ல நின்னுட்டிருந்துதாம். அப்பா தேறிட்டாருன்னு போன்ல சொன்னத நெனச்சுக்கிட்டு, கடைசிப் புள்ள இன்னும் நம்ப மாட்டேங்குதாம்."

டீச்சர் இப்போதும் பம்பு கேட்லாக் செய்கிறார். ஆஸ்பத்திரி வேலை என்று யார் கூப்பிட்டாலும் போவதில்லை. போன மாதம் அந்தப் படிக்கட்டைப் பற்றி, 'லேசா வழுக்கிட்டாங்க' என்று நீங்கள் சொன்னபோது, என் காதில் விழுந்தது அத்தையைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை. எனக்கு ஏதாவது என்றாலும், உங்கள் அம்மாவுக்கு என்றாலும், இழுக்காமல் சொல்லுங்கள். மரியாதை கெட்டுப்போகாது. முகம் பார்த்து விடைபெறக் கிடைக்கிற அந்த ஒரு நாளை எங்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

டீச்சர் போனில் சொன்ன அன்றைக்கு, கூட்டுகிற அக்கா வந்து, "என்னாச்சுங்க அந்த மேல் ரூம்காரருக்கு?" என்று கேட்டார். "தவறிட்டாருங்க" என்றேன். முதலாளி கேட்டார். "போய்ச் சேந்துட்டாருங்க" என்றேன்.

பிறகு மொட்டை மாடிக்குப் போனேன். துவைத்த படுக்கை விரிப்புகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. சுற்றிலும் வெள்ளைத் துணி, நடுவில் நான் மட்டும். "அவர் செத்துப் போய்விட்டார்" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒரு தரம்தான். துணியைத் தவிர எதுவும் அசையவில்லை. அவர் படுத்திருந்த அறையின் விரிப்பைக் கொடியிலிருந்து எடுத்து, முனைக்கு முனை சேர்த்து மடித்தேன்.